ஆறு துளைகள்

தென்சென்னைத் தொன்வண்டிக் கழகத்தின் கூட்டம், அடையாறு காந்தி நகர், ஞாயிறு காலை பத்து மணி. வந்திருந்தவர்கள்:

தலைவர் விஜயலக்ஷ்மி அம்மாள். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். அவரிடம் வண்டி கிடையாது. காலமான கணவரிடம் இருந்தது.

செயலாளர் ஸ்ரீரங்கன், மயிலாப்பூர் சித்திரக்குளம். கழகப் பதிவேட்டில் ஒன்றாம் பதிவாக இருக்கும் லாரியின் சொந்தக்காரர். பதினோரு வருடக் கோப்பைகளுக்கும் அவரே சொந்தக்காரர்.

எண் பார்ப்பவர் சுப்பராமன். கையில் பூதக்கண்ணாடி, இரண்டு முழங்காலிலும் உறை.

காவலாளி காதர். அவர் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதும் வழக்கம் இல்லை. கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான் என்பதால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

விண்ணப்பதாரர் ஷெல்டன், மெக்கானிக், சாந்தோம்.

வாசலில், வேப்பமரத்தடியில், விண்ணப்பதாரரின் லாரி. மந்தைவெளியிலிருந்து தன் சொந்தச் சக்தியில் ஓடிவந்து நின்றது. கழகத்தின் பதினான்கு வருட வரலாற்றில் இது ஒரு வண்டி செய்யக்கூடிய காரியம் என்று யாரும் நினைத்ததில்லை.

ஷெல்டன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கழகத்தின் தகரக் கொட்டகையில் ஐந்து வண்டி நிற்கலாம்; நான்கு நிற்கின்றன. ஐந்தாவது இடம் வேண்டும். அந்த இடம் கிடைக்கக் கழகத்தின் சான்றிதழ் வேண்டும். அது அவன் அப்பா விட்டுப்போன ஐம்பத்தைந்தாம் வருடத்து செவர்லே. பழைய காலத்துக் கதைகளைப் படம் எடுக்கிறவர்கள் அதை வாடகைக்கு எடுப்பார்கள். சுதந்திரப் போராட்டமா, கள்ளக் கடத்தலா, எதுவாக இருந்தாலும் ஷெல்டனின் லாரிதான் வரும். மூன்று மாதமாகப் படப்பிடிப்பு இல்லை. தெருவோரம் நின்ற வண்டிக்கு அடியில் நாய் குட்டி போட்டது. குடியிருப்போர் சங்கம் புகார் கொடுத்தது. ஒரு நாள் காலையில் கண்ணாடியில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது: கைவிடப்பட்ட வாகனம், பதினைந்து நாளில் அகற்றாவிட்டால் இழுத்துச் செல்லப்படும். ஷெல்டன் மூன்று தெரு மாற்றி நிறுத்திப் பார்த்தான். மூன்று தெருவிலும் சங்கம் இருந்தது. இழுத்துப் போனால் பழைய இரும்பாக எடைக்குப் போகும். பதினைந்தில் மூன்று நாள் அதற்குள் கழிந்திருந்தது.

சுப்பராமன் லாரியின் முன்பக்க மூடியைத் திறக்கச் சொல்லி, கைகளை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் நீளமான எஞ்சின். கீழே பிளாக், அதன்மேல் மூடிபோல உட்கார்ந்திருக்கும் ஹெட். ஹெட்டின் மேல் வார்ப்பிலேயே வந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். பிறகு தன் நோட்டைப் புரட்டினார்.

"இந்த ஹெட் இந்த வண்டியோட பொறந்தது இல்ல," என்றார், பெண் பார்க்கப் போன இடத்தில் குறை கண்டவர் போல.

"இல்ல சார்," என்றான் ஷெல்டன். "அது பூந்தமல்லி தண்ணி லாரியோடது. பிளாக்கு வேற வண்டி. கார்ப்பரேட்டர் வேற வண்டி. கியர்பாக்ஸ் எங்க நைனா எங்கயோ பொறுக்கிக்கினு வந்தாரு. ஆனா ஓடுது சார்."

"ஓடறதெல்லாம் ஒரு தகுதியாப்பா?" என்றார் ஸ்ரீரங்கன். அவர் குரலில் கோபமில்லை; வருத்தம்தான் இருந்தது. "மூணாம் விதி படிச்சியோ? எந்த உறுப்போட பொறந்ததோ அந்த உறுப்போட இருக்கணும். என் வண்டி இருக்கே, அதுல ஒரு அந்நிய ஆணி கெடையாது."

"ஓடாதே சார் அது."

"ஓடித்தான் தன்னை நிரூபிக்கணும்னு அதுக்கு அவசியமில்லே."

ஸ்ரீரங்கனின் லாரி கொட்டகையின் முதல் இடத்தில் பளபளவென்று நின்றது. அதுவும் செவர்லேதான், அதே வருடம். ஆனால் பெரிய எஞ்சின். ஒவ்வொரு வருடமும் ஆறு கூலியாட்கள் அதை மேடைக்குத் தள்ளிப்போவார்கள், கோப்பை வாங்கும், ஆறு பேரும் திருப்பித் தள்ளிவருவார்கள். கூலியாட்களுக்குப் பொங்கலும் வடையும்.

"பிளாக்குல ஒரு நம்பர் இருக்குமே, அத்த பாக்கலையா சார்?" என்று ஷெல்டன் சுப்பராமனைக் கேட்டான்.

"அது கீழ இருக்கு. குனியணும். டாக்டர் என்னைக் குனியப்படாதுன்னுட்டார்."

"அப்ப மத்த வண்டிங்களுக்கு?"

"எல்லாத்துக்கும் ஹெட் நம்பர்தான் எழுதியிருக்கேன். பதினாலு வருஷமா ஒரு தப்பு வந்ததில்லே."

விஜயலக்ஷ்மி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த வருடம் மறுபடி போடலாம் என்றார்கள். காதர் வாசல்வரை கூடவே வந்தார்.

"வுடு நைனா," என்றார். "இங்க உசிரோட எது வந்தாலும் சேக்க மாட்டாங்க."

*

புதன்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கன் ஆட்டோவில் மந்தைவெளிக்கு வந்தார். அந்தத் தெருவுக்கு அவர் வந்ததே இல்லை. லாரியை ஒருமுறை சுற்றிவந்தார். மஞ்சள் தாளைப் படித்தார். தொண்டையைச் செருமினார்.

"ஷெல்டன், இந்த வருஷம் சிறப்பு விருந்தினர் ஒரு நிபந்தனை போட்டிருக்கார். ரிடையர்டு பெரிய அதிகாரி. ஓடாத வண்டிக்கு என் கையால கோப்பை தரமாட்டேன்னுட்டார். பத்து நிமிஷம் எஞ்சின் ஓடிக் காமிக்கணுமாம்."

"ஓட்டிக் காட்டுங்க சார்."

"ஹெட்டுல விரிசல்." கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொல்பவர் போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டார். "நாப்பது வருஷமா விரிசல். அதனாலதான் ஓட்டறதில்லே. உன் ஹெட் என் வண்டிக்குப் பொருந்துமோ?"

ஷெல்டன் ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தான்.

"பொருந்தும் சார். சின்ன எஞ்சின், பெரிய எஞ்சின், ரெண்டும் அண்ணன் தம்பி. போல்ட்டு ஓட்டைலாம் ஒண்ணுதான்."

"ஒரே ஒரு நாளைக்கு."

"சார், போன ஞாயித்துக்கெழம அது பூந்தமல்லிக்காரன் ஹெட்டு."

"அதை இப்ப எதுக்குக் கிளர்றே? நான் செயலாளர். உன் வண்டியை இந்த வருஷமே நிற்கும் பிரிவுல சேர்த்துடறேன். விழா முடிஞ்ச கையோட ஒனக்குச் சான்றிதழ், அஞ்சாவது இடம். என் வாக்கு."

நிற்கும் பிரிவு என்பது ஓடாத வண்டிகளுக்கு. ஹெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் ஷெல்டனின் லாரியும் ஓடாது. அதாவது, அது முதல் தடவையாகக் கழகத்தில் சேரும் தகுதியைப் பெறும். இதை அவன் அன்று இரவு மனைவி சான்ட்ராவிடம் சொன்னபோது, அவள் ஆறாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுத்தாரா?"

"பெரிய மனுசன். வாக்குக் குடுத்தாரு."

"அதனாலதான் கேக்குறேன்," என்றாள் சான்ட்ரா, ஒரு விடையைச் சிவப்பில் அடித்தபடி.

ஆனால் மஞ்சள் தாளில் இன்னும் ஒன்பது நாள்தான். ஷெல்டனிடம் வேறு பெரிய மனுசன் யாரும் இல்லை.

*

வெள்ளிக்கிழமை லாரியைக் கொட்டகைக்கு ஓட்டிப்போனான். சான்ட்ராவின் தம்பி ஃபிரெட்ரிக் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சங்கிலிக் கப்பியும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் புது கேஸ்கட்டும் எடுத்து வந்தான். அங்கே அவனுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. இரும்பு எதுவாக இருந்தாலும் கடைந்து, துளைத்து, விரிசல் விட்டிருந்தால் இரும்பு ஊசியால் தைத்துக் கொடுப்பான். ஸ்ரீரங்கன் முன்னதாகவே வந்து காத்திருந்தார். காதர் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தார். யாராவது வந்தால் இருமுவதாகப் பேச்சு.

இரண்டு ஹெட்டும் கழன்று, சாக்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தன. ஃபிரெட்ரிக் குனிந்து பார்த்தான். அவனுக்கு முழங்கால் நன்றாக இருந்தது.

"மாமா, இத்தப் பாத்தியா? பெரிசுல ஆறு சின்ன ஓட்ட கீது. நம்பளுதுல இல்ல."

ஷெல்டனுக்குத் தெரியும். பெரிய எஞ்சினில் இடம் போதாமல் சிலிண்டர்களை ஒட்டி ஒட்டி வார்த்திருப்பார்கள். ஒட்டின இடத்தில் தண்ணீர் ஓட வழி கிடையாது. கொதித்து நீராவி தங்கும். அது மேலே ஏறித் தப்பிக்கத்தான் பிளாக்கில் ஆறு துளை, அதற்கு நேராக ஹெட்டிலும் ஆறு துளை. சின்ன எஞ்சினில் அந்தத் தொல்லை இல்லை, அதனால் துளையும் இல்லை. சின்னதன் ஹெட்டைப் பெரியதன் பிளாக்கில் மாட்டினால், கீழே கதவு திறந்திருக்கும், மேலே கதவு மூடியிருக்கும்.

"அரை மணி வேல சார்," என்றான் ஃபிரெட்ரிக். "கேஸ்கட்ட வெச்சு அளவு எடுத்து ஆறு ஓட்டையப் போட்டுக் குடுத்துட்றேன். காலத்துக்கும் ஓடும்."

"ஓட்டையா?" ஸ்ரீரங்கன் முகம் சுருங்கிவிட்டது. "கூடாது."

"ஓட்ட விழப்போறது என் ஹெட்டுல சார்," என்றான் ஷெல்டன்.

"என் வண்டில இருக்கறச்சே அது என் வண்டியோட ஹெட். நாலாம் விதி: துளைத்தல், அறுத்தல், பற்றவைத்தல் கூடாது. நான் எழுதின விதி. அதை நானே மீறுவேனோ?"

ஃபிரெட்ரிக் தலையைச் சொறிந்தான். "சார், அடுத்தவன் ஹெட்ட மாட்டக்கூடாதுன்னும் ஒரு விதி கீதாமே?"

"மூணாம் விதி," என்றார் ஸ்ரீரங்கன், சற்றும் அசராமல். "ஆனா மாட்டினதைக் கழட்டிடலாம். போட்ட ஓட்டையை அடைக்க முடியுமோ? திருப்பிச் சரிபண்ண முடியறது தப்பே ஆகாது. இது தர்ம நியாயம்."

அந்தத் தர்ம நியாயத்துக்கு எதிரே ஒரு துளைப்பான் என்ன செய்யும்? ஷெல்டன் கடைசியாகச் சொல்லிப் பார்த்தான்: "சார், ஓட்ட இல்லாம ஓட்டுனா பத்து நிமிசம் தாங்கும். பன்னெண்டு வரைக்கும் வெச்சுக்கோங்க. அதுக்கு மேல ஹெட்டு வெடிக்கும்."

"பத்து நிமிஷம்தானே கேட்டிருக்கா."

"பாஞ்சாவது நிமிசம் அந்தோணியாரக் கூப்புடுங்க," என்றான் ஃபிரெட்ரிக்.

பூந்தமல்லித் தண்ணீர் லாரியின் ஹெட் ஒன்றாம் பதிவு லாரியின்மேல் ஏறி உட்கார்ந்தது. போல்ட்டுகளை இறுக்கினார்கள். மீதியிருந்தது, விரிசல் விட்ட பரிசுத்த ஹெட். அதைத் தரையில் போட்டுவைக்க ஸ்ரீரங்கனுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போனால் மனைவி ஹம்சா மாமி கேள்வி கேட்பார். யாரும் எட்டிப் பார்க்காத இடமாக இருக்க வேண்டும்.

"உன் வண்டி மேலயே வச்சு மூடிடு," என்றார் ஷெல்டனிடம். "அதை யார் பார்க்கப்போறா?"

*

விழா தியாகராய நகரில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. ஷெல்டனின் லாரியை ஓர் இழுவை வண்டி இழுத்து வந்து, சுவரோரம், நிற்கும் பிரிவில் விட்டது. ஸ்ரீரங்கனின் லாரியோ மேடைக்குப் பக்கத்தில் மாவிலைத் தோரணத்தோடு. அவர் புதிதாகத் தைத்த காக்கி உடுப்பும் தொப்பியும் போட்டு ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். லாரி ஓட்டுகிறவன் இஸ்திரி போட்ட காக்கி அணிவதை ஷெல்டன் அன்றுதான் பார்த்தான்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும் சுருதி சேர்ந்து, சும்மா தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி. கூட்டம் கைதட்டியது. ஷெல்டன் லாரியின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். ஓடுவது தன்னுடைய ஹெட் என்பதில் அவனுக்கு லேசாக ஒரு திமிர்கூட இருந்தது.

ஒன்பதாவது நிமிடம் சிறப்பு விருந்தினர் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஸ்ரீரங்கன் சாவியில் கை வைத்தார்.

"நிறுத்தாதீங்க!" என்றார் சிறப்பு விருந்தினர். கண்களை மூடிக்கொண்டார். "அந்தச் சத்தம் ஓடட்டும். அது வெறும் எஞ்சின் இல்லை. அது ஒழுக்கம். ஒரே வரிசை, ஆறு பேர், ஒரே தாளம். இன்றைய தலைமுறையிடம் இல்லாதது இதுதான். இதைப் பின்னணியில் வைத்தே நான் நாலு வார்த்தை பேசுகிறேன்."

நாலு வார்த்தையில் முதல் வார்த்தை ஒன்பது நிமிடம் போயிற்று.

"சார், நிறுத்துங்க," என்றான் ஷெல்டன் கீழிருந்து.

"அவர் பேசிண்டிருக்கார்."

"வெப்பம் எவ்ளோ காட்டுது?"

"அந்த முள் எண்பத்திமூணாம் வருஷத்துலேர்ந்து அசையறதில்லே. ஒரிஜினல்."

"சார், என் சோறு சார் அது. நிறுத்துங்க சார்."

"சபை நடுவுல எப்படிப்பா? ரெண்டு நிமிஷம் பொறு. முடிக்கப்போறார்."

ஷெல்டன் எகிறிச் சாவியைப் பிடுங்கப் பார்த்தான். தொண்டர் பட்டையணிந்த இரண்டு பேர் அவனைத் தோளைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். சிறப்பு விருந்தினர் பேசும்போது குறுக்கே அசையக்கூடாது என்று காதில் சொன்னார்கள். மேடையில் ஒழுக்கம் பற்றிய மூன்றாவது உதாரணம் நடந்துகொண்டிருந்தது.

இருபத்திரண்டாவது நிமிடம் ரேடியேட்டர் மூடியோரம் வெள்ளையாக ஒரு இழை எழுந்தது. பிறகு அது புகைமண்டலமாகி மாவிலைத் தோரணத்தை மறைத்தது. மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். "பாருங்கள்," என்றார் சிறப்பு விருந்தினர் நெகிழ்ந்துபோய், "அந்தக் காலத்து நீராவியின் வலிமையை!" பெட்ரோல் எஞ்சின் என்று திருத்த யாருக்கும் தைரியமில்லை.

அப்புறம் உள்ளே டங்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. ஷெல்டனுக்குப் போதுமானதாக இருந்தது. ஆறு பேரும் ஒரே தாளத்தில் நின்றுபோனார்கள்.

கோப்பையை ஸ்ரீரங்கனுக்கே கொடுத்தார்கள்.

*

விவகாரம் அதற்குப் பிறகுதான். சுப்பராமன், தன் வழக்கப்படி, மைதானத்தைவிட்டு வண்டிகள் போகுமுன் எல்லா எண்களையும் சரிபார்த்தார். குனியாமல் பார்க்கக்கூடியதையெல்லாம் பார்த்தார். மறுநாள் காலை அடையாற்றுக் கொட்டகையில் அவசரக் கூட்டம். சுப்பராமன் நோட்டை விரித்தார்.

"ஒன்றாம் பதிவோட ஹெட் நம்பர் செயலாளர் வண்டியில இல்ல. அந்த நம்பர் இந்தப் பையன் வண்டியில இருக்கு. இந்தப் பையன் வண்டி நம்பர் செயலாளர் வண்டியில இருக்கு."

விஜயலக்ஷ்மி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்ரீரங்கன், உறுப்பு மாத்தினேளா?"

ஸ்ரீரங்கன் ஷெல்டனைப் பார்த்தார். ஷெல்டன் கூரையைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும்; பன்னிரண்டு கோப்பையும் போய்விடும். சொல்லவேண்டியவர் யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"மாத்தலே," என்றார் ஸ்ரீரங்கன். "என் ஆயுசுல மாத்தினதில்லே."

"அப்படின்னா சுப்பராமன் தப்பா எழுதியிருக்கார்."

"பதினாலு வருஷமா ஒரு தப்பு கிடையாது," என்றார் சுப்பராமன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படியொரு முடிச்சு. செயலாளர் பொய் சொல்லமாட்டார். பதிவேடு தவறாது. இரண்டில் ஒன்றைச் சந்தேகித்தாலும் கழகமே இல்லை. ஆனால் முப்பது வருடம் தேர்வுக்கூடங்களை மேய்த்த அம்மாளுக்கு இதெல்லாம் தூசு. தேநீர் குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பு தயாராகிவிட்டது.

"உறுப்பு மாறலே. பதிவேடு சரி. அப்படின்னா, எந்த வண்டியில ஒன்றாம் பதிவு நம்பர் இருக்கோ அதுதான் ஒன்றாம் பதிவு வண்டி. இத்தனை வருஷமா வேற ஏதோ ஒரு வண்டி அந்த இடத்துல நின்னுண்டிருந்திருக்கு."

"அம்மா," என்றான் ஷெல்டன், "கீழ பிளாக்குல ஒரு நம்பர்..."

"கீழ இருக்கறதைப் பத்தி இங்க பதிவு இல்லை."

அன்று மதியமே சான்றிதழ் அச்சாகிவிட்டது. முதல் இடத்தில் ஷெல்டனின் லாரியைத் தள்ளி நிறுத்தினார்கள். மஞ்சள் தாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. காதர் அதைக் கிழித்து, பீடி பற்றவைத்தார்.

ஷெல்டன் சான்றிதழின் பின்பக்கத்தைப் படித்தான். ஒன்பதாம் விதி: சான்றளிக்கப்பட்ட வாகனத்தில் இனி எந்த உறுப்பையும் மாற்றலாகாது, வாகனம் கொட்டகையில் எந்நேரமும் பூட்டிவைக்கப்பட வேண்டும்.

அதாவது, அவன் லாரி பத்திரம். விரிசல் விட்ட ஹெட்டோடு, எந்தக் காலத்திலும் ஓடாமல், எந்தப் படப்பிடிப்புக்கும் போகாமல், பத்திரம். அதற்குப் பதில் இழுவை வண்டி வந்து எடைக்குப் போட்டிருந்தால்கூட டீ குடிக்கவாவது ஏதாவது மிஞ்சியிருக்கும்.

கொட்டகைக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அடையாளமற்ற வாகனம் என்று சீட்டு ஒட்டின ஸ்ரீரங்கனின் லாரி நின்றது. இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. கார்ப்பரேட்டர் பளபளத்தது. பிளாக் இரும்பு மலை. மேலே வெடித்த ஹெட். படிக்கட்டில் ஸ்ரீரங்கன் உட்கார்ந்திருந்தார், வேட்டிதான் கட்டியிருந்தார்.

"ஷெல்டன், என் ஹெட் உள்ள இருக்கு," என்றார்.

"ஆமா சார். என் ஹெட்டு வெளிய கீது."

"அதை நான் பார்க்காம ஒரு நாள் இருந்ததில்லே."

ஷெல்டன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆறுதல் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. கணக்குப் போடத் தோன்றியது. வெடித்த ஹெட்டை ஃபிரெட்ரிக் ஊசி தைத்து ஒட்டிவிடுவான். ஒட்டும்போதே ஆறு துளையும் போட்டுவிடுவான். அந்தப் பிளாக் இன்னும் முப்பது வருடம் ஓடும்.

"சார், ரெண்டு பேரும் வண்டிப் புக்க மாத்திப்போம். சர்ட்டிபிகேட்டோட உள்ள கீற வண்டி உங்களுக்கு. தெருவுல நிக்கிற இது எனக்கு."

ஸ்ரீரங்கன் நிமிர்ந்தார். "ஒன்றாம் பதிவு மறுபடி என் பேருக்கா?"

"கோப்பையும் சேத்து. ஆனா ஒண்ணு. இது இந்தக் கொட்டகைக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பக்கத்துச் சந்துலதான நின்னுச்சு? அந்த எடம் எனக்கு வேணும். வாக்கு வேணாம் சார். எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். கழகத்தின் தலைப்புத் தாளிலேயே. ஹம்சா மாமி சந்தில் இடம் தர ஒப்புக்கொண்டார்; காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும், வெயில் வந்ததும் அங்கே வடாம் காயப்போட வேண்டும் என்பது அவருடைய ஒரே விதி. ஷெல்டன் தன் வாழ்நாளில் படித்த விதிகளில் அர்த்தமுள்ளது அது ஒன்றுதான்.

*

பத்து நாள் கழித்து ஷெல்டன் அடையாற்றுக்கு வந்தான். பெரிய எஞ்சின் காந்தி நகர் முழுக்கக் கேட்டது. ஸ்டார்ட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் உதிரிக்காகத் தன் பழைய லாரியிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தான். அவை குனிந்தால்தான் தெரிகிற இடத்தில் இருந்ததால் சுப்பராமன் ஆட்சேபிக்கவில்லை. ரேடியேட்டரையும் சொல்லாமல் எடுத்துக்கொண்டான்.

முதல் இடத்து லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஸ்ரீரங்கன் உட்கார்ந்திருந்தார், காக்கி உடுப்பில். மடியில் பதினோராவது கோப்பையோ பன்னிரண்டாவதோ. முன்மூடி திறந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஹெட்டின் எண் நேராகத் தெரியும்.

"எப்படி ஓடறது?" என்றார், வெளியே தலையசைத்து.

"நல்லா ஓடுது சார். ஆறு ஓட்ட போட்டுட்டோம்."

ஸ்ரீரங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரும்பில் துளை போட்டவனோடு பேச அவருக்கு ஒன்றுமில்லை.

ஷெல்டன் சாக்கு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தான். காதர் தகரக் கதவை இழுத்துவந்தார்.

"பாய், சார் உள்ள கீறாரு."

"தெரியும் நைனா. எந்நேரமும் பூட்டியிருக்கணும்னு அவர்தான் எழுதிக்கீறாரு. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொறக்கச் சொல்லிக்கீறாரு." கதவின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று மோதின. "இன்னா, அவருக்கு உள்ளதான் புடிச்சிருக்கு."

ஷெல்டன் லாரியில் ஏறினான். சந்து வடாமுக்கு எட்டு மணிக்கே போய்விட்டது, பத்தரைக்குப் படப்பிடிப்பு. கியரைப் போட்டபோது, பின்னால் காதர் கதவைச் சாத்தி, சங்கிலியைச் சுற்றி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தார்.